சுத்தமாக உடுத்துவதும் கலகம்தான்: மாட் இளைஞர்கள் என்றால் யார்?

1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு 17 வயதுப் பையன், வாரக்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய புது லீவைஸ் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து அதற்குள் உட்கார்ந்துவிடுவான். அந்தக் காலத்து ஜீன்ஸ் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். உடம்பில் இருக்கும்போதே சுருங்கவிட்டால் அவனவன் கால் அளவுக்குக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. அப்புறம் ஈரத்தோடே நடமாடி அதை உடம்பிலேயே காயவைப்பான். நீலச் சாயம் காலெல்லாம் ஒட்டும், குளிரில் பல் கிட்டிக்கும், பரவாயில்லை. பேன்ட் சரியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி உட்கார்ந்திருந்தவர்களைத்தான் ‘மாட்’ என்று சொன்னார்கள். மாடர்னிஸ்ட் என்ற சொல்லின் சுருக்கம் அது. நம் ஊரில் ‘மாடர்ன் டிரஸ்’ என்கிறோமே, அதே மாடர்ன்தான். ஆனால் வெறும் நாகரிகமான உடுப்பு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் தோன்றிய இளைஞர் கூட்டங்களில், ஒரு துணியை எப்படி உடுத்துவது என்பதையே வாழ்க்கைப் பார்வையாக மாற்றிய கூட்டம் இது. ஹிப்பிகளை நமக்குத் தெரியும்: நீண்ட முடி, தாடி, வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றுவது. கலகம் என்றாலே கிழிந்த துணியும் கலைந்த தலையும்தான் கண்முன் வருகிறது. மாட் இளைஞர்கள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக வேலைக்குப் போனார்கள், தலையை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள், பேன்டின் மடிப்பு கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். அதில் என்ன கலகம் இருக்கிறது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. புரிந்த பிறகு, போருக்குப் பிந்தைய இளைஞர் இயக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று ஆகிவிட்டது.

புரிய வேண்டுமென்றால் அந்தப் பிரிட்டனை முதலில் பார்க்க வேண்டும். போர் முடிந்தது 1945-ல். ஆனால் ரேஷன் முடியவில்லை. துணிக்கு 1949 வரை கூப்பன், மிட்டாய்க்கு 1953 வரை, இறைச்சிக்கு 1954 வரை. லண்டனில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்கள் பல வருடம் அப்படியே கிடந்தன, குழந்தைகள் அந்த இடிபாடுகளில்தான் விளையாடினார்கள். எல்லாம் சாம்பல் நிறம். அப்பா போட்ட அதே வெட்டில் ஒரு கோட்டு, அப்பா போன அதே தொழிற்சாலை, அப்பா குடித்த அதே மதுக்கடை. தொழிலாளி வீட்டுப் பையன் 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போவான், 18 வயதில் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், திரும்பி வந்தால் கல்யாணம். இடையில் ‘இளமை’ என்று தனியாக ஒரு காலம் கிடையாது.

1950-களின் கடைசியில் இந்தச் சங்கிலியில் சில கண்ணிகள் கழன்றன. கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பது 1960 முடிவோடு நின்றது. வேலை தாராளமாகக் கிடைத்தது, இளைஞர் கைக்குக் காசு வந்தது. 1959-ல் மார்க் ஆப்ராம்ஸ் என்ற சந்தை ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, போருக்கு முந்தைய 1938-ஐ விட இளைஞர்களின் உண்மை வருமானம் பாதி மடங்கு கூடியிருந்தது. வீட்டுக்குக் கொடுத்ததுபோக விருப்பம்போல் செலவழிக்கக் கையில் நின்ற பணமோ இரண்டு மடங்காகியிருந்தது. தவணைமுறையில் பொருள் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. அந்தப் பையன்களுக்கு வீடு வாங்கும் வசதி இல்லை, மேல்படிப்புக்குப் போகும் வழியும் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு நல்ல சூட் தைத்துக்கொள்ள முடியும். இந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது.

முதல் ஆட்கள் 1958 வாக்கில் லண்டனில் தென்படுகிறார்கள். மிகச் சிறிய கூட்டம். கிழக்கு லண்டனிலும் வடக்கு லண்டனிலும் தையல் தொழிலில் இருந்த யூதக் குடும்பத்துப் பையன்கள் அதில் கணிசமாக இருந்தார்கள். துணியின் தரம் தொட்டாலே தெரியும் வீடுகள் அவை. இவர்கள் கேட்டது மாடர்ன் ஜாஸ், அதாவது மைல்ஸ் டேவிஸ் போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புது இசை. அப்போது பிரிட்டனில் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியில் வாசிக்கும் ‘டிராட்’ ஜாஸுக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது, தொளதொள ஸ்வெட்டரும் தாடியுமாக. அவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டத்தான் மாடர்னிஸ்ட் என்ற பெயர். இசைத்தட்டின் உறையில் மைல்ஸ் டேவிஸ் என்ன சட்டை போட்டிருக்கிறார், காலர் எப்படி மடங்குகிறது என்று உற்றுப் பார்த்துத் தையல்காரரிடம் போய் வரைந்து காட்டுவார்கள். இத்தாலியப் படங்கள், பிரெஞ்சுப் படங்களுக்குப் போவதும் அப்படித்தான். கதை ஒரு பக்கம் ஓடட்டும், கதாநாயகனின் ஜாக்கெட்டில் எத்தனை பொத்தான் என்று எண்ண வேண்டும்.

அந்த ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இவர்களுக்கு முன்னால் 1950-களில் டெடி பாய் என்று ஒரு கூட்டம் இருந்தது. முழங்கால் தொடும் நீளக் கோட்டு, வெல்வெட் காலர், எண்ணெய் வழியும் தலை, தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ என்று தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும் உடுப்பு அவர்களுடையது. மாட் உடுப்பு கண்ணில் அடிக்காது. இடுப்போடு நின்றுவிடும் இத்தாலிய ஜாக்கெட், மூன்று பொத்தான், ஒடுங்கிய லேப்பல் (மார்பின் மேல் மடிந்து கிடக்கும் பட்டை), ஒல்லியான டை, குழாய் மாதிரி இறங்கும் பேன்ட். சாதாரணமாகப் பார்க்கும் முதலாளிக்கு ‘ஆஹா, ஒழுங்கான பையன்’ என்றுதான் தோன்றும். இன்னொரு மாட் பார்த்தால் மட்டுமே ஜாக்கெட்டின் பக்கவெட்டு போன மாதத்தை விட அரை அங்குலம் ஏறியிருப்பது தெரியும், கைப்பொத்தான் ஒன்றைப் போடாமல் விட்டிருப்பது தெரியும். அடுத்த மாதம் அந்த அளவு மாறிவிடும். டென்னிஸ் வீரர் ஃப்ரெட் பெர்ரி பெயரில் வந்த காலர் வைத்த பின்னல் சட்டை, கிளார்க்ஸின் டெஸர்ட் பூட் என்று பிற்பாடு சேர்ந்தவையும் அப்படித்தான்: வேறு எதற்கோ செய்த சாதாரணப் பொருள்கள், சேர்த்துப் போட்டவிதத்தில் புதுசாகிவிட்டன.

‘ஆள் பாதி ஆடை பாதி’ என்று நாம் சொல்கிறோம். பிரிட்டனில் அது கொடூரமான உண்மை, ஏனென்றால் அங்கே ஒருவன் வாயைத் திறந்தாலே எந்த வர்க்கம் என்று பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், வாயை மூடிக்கொண்டிருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். தொழிலாளி தொழிலாளி மாதிரி, குமாஸ்தா குமாஸ்தா மாதிரி, கனவான் கனவான் மாதிரி உடுத்த வேண்டும். இந்த நிலையில் அலுவலகத்தில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடிப் பையன், தன் மேலதிகாரியை விட நேர்த்தியான சூட்டில் வந்து நிற்கிறான். ஒரு சட்டத்தையும் மீறவில்லை, யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனாலும் மேலதிகாரிக்கு உறுத்துகிறது, ஏன் உறுத்துகிறது என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1970-களில் மாட் பாணியைப் பற்றி எழுதியபோது கவனித்தது இதைத்தான்: சந்தையில் எல்லாருக்கும் விற்கும் மரியாதையான பொருள்களை எடுத்து, அவற்றுக்கு வேறு அர்த்தம் கொடுத்துவிடுகிறார்கள். இவர்கள் கொடி பிடிக்கவில்லை, கட்சி சேரவில்லை, பணத்தை வாரிச் செலவழித்தார்கள், ஆகவே இதை மாற்றுக் கலாச்சாரம் என்றே சொல்லக்கூடாது என்பவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ‘உன் இடம் இது’ என்று பிறக்கும்போதே சொல்லிவிட்ட ஒரு சமூகத்தில், அந்த இடத்துக்குரிய துணியைப் போட மாட்டேன் என்பது சின்ன விஷயம் இல்லை.

பீட்டர் மீடன் என்று ஒருவர். மாட் உலகத்துக்குள்ளேயே வாழ்ந்தவர், ‘தி ஹூ’ இசைக்குழுவின் தொடக்க கால விளம்பரப் பொறுப்பாளர். மாட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘கஷ்டமான சூழலில் சுத்தமான வாழ்க்கை’ என்றார். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

கூட்டத்துக்குள் தரவரிசையும் இருந்தது. புதுப் பாணியை முதலில் கொண்டுவருபவன் ‘ஃபேஸ்’, அதாவது முகம். அவனைப் பார்த்துப் பின்பற்றுகிற மற்றவர்கள் ‘டிக்கெட்’ அல்லது ‘நம்பர்’. ஃபேஸ் ஆவதற்குப் பணம் மட்டும் போதாது, கண் வேண்டும், எல்லாரும் போடத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிடும் துணிச்சல் வேண்டும். 1962-ல் ‘டவுன்’ என்ற பத்திரிகை இப்படிப்பட்ட பையன்களைத் தேடிப் படத்தோடு கட்டுரை போட்டது. அதில் மார்க் ஃபெல்ட் என்ற 14 வயதுச் சிறுவனும் இருந்தான். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா சந்தையில் காய்கறிக் கடையில் வேலை. அந்தச் சிறுவன்தான் பிற்பாடு மார்க் போலன் என்ற பெயரில், மினுமினுக்கும் உடுப்போடு பாடும் 1970-களின் ‘கிளாம் ராக்’ இசையின் நட்சத்திரமாக ஆனார்.

தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அந்த இடத்தை நிரப்பியவர் கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வந்த ஜான் ஸ்டீஃபன். 1950-களின் பிற்பகுதியில் சின்னதாகக் கடை போட்டு, அப்போது ஒதுக்குப்புறமாகக் கிடந்த கார்னபி தெருவுக்கு வந்து, அந்தத் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடை திறந்தார். வாசலில் சத்தமாகப் பாட்டு, வாராவாரம் புதுச் சரக்கு, ஆண்கள் போடத் தயங்கிய இளஞ்சிவப்பு, ஊதா எல்லாம் அலமாரியில். அவர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது பக்கத்திலேயே இருந்த வின்ஸ் என்ற கடையில். பில் கிரீன் என்ற புகைப்படக்காரர் 1954-ல் தொடங்கிய கடை அது, தற்பாலின விருப்பமுள்ள ஆண்கள் பலர் அங்கே வாடிக்கையாளர்கள். ஸ்டீஃபனும் அவர்களில் ஒருவர்தான். 1967 வரை இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு சிறைக்குப் போகும் குற்றம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அபாயத்துக்கு நடுவில் அவர்கள் தைரியமாக உடுத்திய நிறங்களும் வெட்டுகளும்தான் சில வருடங்களில் நாடு முழுக்க இளைஞர் உடம்பில் ஏறின. மாட் வரலாறு பேசும்போது இவர்களைச் சொல்லாமல் தாண்டிப் போவது நியாயம் இல்லை.

பெண்களும் இருந்தார்கள், நிறையவே. மாட் பெண்கள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், பேன்ட் போட்டார்கள், தட்டையான ஷூ போட்டார்கள், கண்ணுக்கு மட்டும் அழுத்தமாக மை தீட்டி உதட்டை வெளிறவிட்டார்கள். அம்மாக்களின் உயர்குதி செருப்பும் இறுக்கும் உள்பாவாடையும் போயின. ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் 1955-லேயே லண்டனின் கிங்ஸ் சாலையில் பஜார் என்ற கடையைத் திறந்திருந்தார், ஆனால் அங்கே விலை அதிகம். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் எட்டுகிற விலையில் உடுப்பு கொடுத்தது 1964-ல் பார்பரா ஹுலானிக்கி தொடங்கிய பீபா. பையன்கள் துணியிலும் சக பையன்களிலும் மூழ்கிக் கிடந்ததால், பெண்கள் யாருடைய துணையும் இல்லாமல் தாங்களாகவே நடனத்துக்குப் போய், தாங்களாகவே ஆடிவிட்டு வந்தார்கள். இன்று படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஒரு பெண்ணை நடனத்துக்கு அழைக்க ஆண் வந்து கை நீட்ட வேண்டும் என்று இருந்த இடத்தில் அது பெரிய மாற்றம்.

சரி, இவ்வளவு அலங்காரமும் எங்கே போவதற்கு? ராத்திரிக்கு. மதுக்கடைகள் பதினொரு மணிக்குள் மூடிவிடும், அங்கே அப்பாக்கள்தான் இருப்பார்கள். இளைஞர்களுக்கு வேறு இடம் கிடைத்தது: எஸ்பிரஸோ இயந்திரம் வைத்த காபிக் கடைகள், சோஹோ பகுதியில் ஒவ்வொன்றாக முளைத்தவை. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காரலாம், மூலையில் ஜூக்பாக்ஸ் பாடும். அங்கிருந்து எழுந்தால் கிளப். வார்டோர் தெருவின் ஃபிளமிங்கோ வார இறுதிகளில் நடுநிசிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும். இசைக்கலைஞர் ஜார்ஜி ஃபேம் அங்கே நிரந்தரமாக வாசித்தார். அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்களும், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறி வந்தவர்களும், வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பையன்களும் ஒரே தரையில் ஆடிய இடம். 1958-ல்தான் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கூட்டம் கரீபியக் குடும்பங்களைத் தெருத்தெருவாகத் துரத்தித் தாக்கியது. அந்தக் கூட்டத்தில் டெடி பாய்கள் நிறையப் பேர். நாலைந்து வருடத்தில் அவர்களின் தம்பி வயதுப் பையன்கள், ஜமைக்கா இளைஞர்கள் போடுகிற குட்டைத் தொப்பியை எங்கே வாங்கலாம் என்று தேடி அலைந்தார்கள்.

இசையிலும் அதே கதைதான். மாடர்ன் ஜாஸிலிருந்து ரிதம் அண்ட் புளூஸ், சோல், ஜமைக்காவின் ஸ்கா என்று காது நகர்ந்தது. ஸ்கா தட்டுகளை வெளியிட்ட ஒரு கம்பெனியின் பெயர் புளூ பீட், அதனால் அந்த இசைக்கே அங்கே புளூ பீட் என்று பெயர் விழுந்தது. ஜமைக்காப் பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் தட்டுகள் வானொலியில் கிடைக்காது, கரீபியர்கள் நடத்தும் கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். ஹாம் யார்டில் இருந்த ‘தி சீன்’ கிளப்பில் கை ஸ்டீவன்ஸ் என்பவர் தட்டு சுழற்றினார், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த, வேறு யாரிடமும் இல்லாத தட்டுகள். மேடையில் குழு வாசிப்பதைக் கேட்கவே கிளப்புக்குப் போன காலத்தில், அவர் போடும் தட்டுகளைக் கேட்பதற்காகவே ஒரு கூட்டம் போனது. அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட சோல் இசைக்கு பிரிட்டனில் 1965-ல் தனி இசைத்தட்டு முத்திரை (லேபிள்) தொடங்குவதற்கு முன்பே இவர்கள் அதை மனப்பாடமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வேலை நாள் முழுக்க உழைத்துவிட்டு வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை தூங்காமல் ஆடுவது எப்படி? மாத்திரை. இதை மறைக்க வேண்டியதில்லை. டிரினமில் என்ற மாத்திரையில் ஆம்ஃபெட்டமின் இருந்தது, மனச்சோர்வுக்கும் உடல் எடை குறைக்கவும் மருத்துவர்கள் இல்லத்தரசிகளுக்குச் சர்வ சாதாரணமாக எழுதிக்கொடுத்தது. பல பையன்களுக்கு அது அம்மாவின் மருந்து அலமாரியிலேயே கிடைத்தது. ‘பர்ப்பிள் ஹார்ட்ஸ்’ என்று செல்லப்பெயர். 1964-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. இதை வீரமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திங்கட்கிழமை அந்த மருந்து இறங்கும்போது வந்த பயமும் சந்தேகமும் நடுக்கமும் பல பேரை உடைத்துப்போட்டன.

ஸ்கூட்டருக்கு வருவோம். 1946-ல் வெஸ்பா, 1947-ல் லாம்ப்ரெட்டா, இரண்டும் போரில் நொறுங்கிய இத்தாலி தன் மக்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று செய்தவை. மாட் பையன்களுக்கு ஏன் பிடித்தது என்பதற்குக் காரணம் ரொம்ப எளிது. மோட்டார் சைக்கிளில் இயந்திரம் திறந்து கிடக்கும், எண்ணெய் தெறிக்கும். ஸ்கூட்டரில் இயந்திரம் தகட்டுக்குள் மூடியிருக்கும், முன்னால் கால்களை மறைக்கும் தடுப்பு உண்டு, சூட் அழுக்காகாது. கடைசி ரயில் போன பிறகும் கிளப்பிலிருந்து வீடு திரும்பலாம். தவணையில் கிடைக்கும். இத்தாலியில் செய்தது என்பதால் அழகுக்கும் குறைவில்லை. 1963 வாக்கில் அதற்கும் அலங்காரம் ஏறியது: பக்கத் தகடுகளுக்குக் குரோம் பூச்சு, முன்பக்கம் வரிசையாக விளக்குகள், இரண்டு பக்கமும் கிளை விட்டதுபோல் பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகள். சூட்டைக் குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்ற மேலே ஒரு பார்க்கா, பழைய ராணுவச் சரக்கு விற்கும் கடையில் மலிவாகக் கிடைத்த அமெரிக்கச் சிப்பாய் அங்கி. இன்று மாட் என்று தேடினால் முதலில் வருவது இந்தப் பார்க்காதான். அவர்களுக்கோ அது வெறும் உறை, உள்ளே இருந்த சூட்டுதான் விஷயம்.

1963 ஆகஸ்டில் ‘ரெடி ஸ்டெடி கோ!’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை நேரலை. ஆடுவதற்கு லண்டன் கிளப்புகளிலிருந்து நிஜ மாட் இளைஞர்களையே பிடித்துக்கொண்டு வந்தார்கள், கேத்தி மெக்கோவன் என்ற இளம்பெண் அவர்களில் ஒருத்தி மாதிரியே நின்று தொகுத்து வழங்கினார். லண்டனில் வெள்ளிக்கிழமை போட்ட சட்டையை சனிக்கிழமை வடக்கே ஏதோ ஒரு ஊரில் பையன் கடையில் போய்க் கேட்டான். தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ் குழுக்கள் மேலே வந்தன. ஸ்மால் ஃபேசஸ் அசல் கிழக்கு லண்டன் மாட் பையன்கள், பெயரிலேயே ‘ஃபேஸ்’ இருப்பதைப் பாருங்கள். ஒரு சின்னக் கூட்டம் தங்களுக்குள் வைத்திருந்த ரகசியம் இப்படியாகப் பல்லாயிரம் பேரின் சீருடை ஆனது. முதல் ஆட்களில் பலர் அப்போதே விலகிவிட்டார்கள்.

இனி கடற்கரைச் சண்டை. மாட் என்றாலே மாட்களும் ராக்கர்களும் அடித்துக்கொண்டதுதான் என்று நினைப்பவர்கள் அதிகம். ராக்கர் என்றால் தோல் ஜாக்கெட், கனத்த மோட்டார் சைக்கிள், 1950-களின் ராக் அண்ட் ரோல் விட்டுப்போகாதவர்கள். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற சிறிய கடற்கரை ஊரில் இளைஞர்கள் கூடினார்கள். 80 வருடத்தில் இல்லாத குளிர், மழை, போவதற்கு இடமில்லை, கடைக்காரர்கள் எரிச்சலில் இருந்தார்கள். கல்லெறி, தள்ளுமுள்ளு, உடைந்த கண்ணாடிகள், கடற்கரைக் குடில்கள் சில நாசம். 97 பேர் கைது. சேதம் சுமார் 500 பவுண்டு. மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு ஊரே பற்றி எரிந்தது போலிருந்தது. அடுத்து மே மாத விடுமுறையில் மார்கேட்டிலும் பிரைட்டனிலும் கூட்டம் பெருகியது, ஏனென்றால் பத்திரிகை படித்துவிட்டு வேடிக்கை பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மார்கேட் நீதிபதி அவர்களை ‘மரத்தூள் சீசர்கள்’, அதாவது வெற்று வீராப்புப் பேர்வழிகள், என்று திட்டித் தீர்த்தார். ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸுக்கு லண்டன் போலீஸை விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அங்கே நேரில் போய்ப் பார்த்து ஆராய்ந்தவர் ஸ்டான்லி கோஹன், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளம் சமூகவியலாளர். அவர் சொன்ன ஒரு சம்பவம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. மார்கேட் நீதிமன்றத்தில் ஒரு 17 வயதுக் கொத்து வேலைக்காரப் பையனுக்கு 75 பவுண்டு அபராதம் போட்டபோது, ‘செக்காகக் கொடுக்கிறேன்’ என்றான். பணக்காரக் கொழுப்பைப் பாருங்கள் என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதையே எழுதின. உண்மையில் அவனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது, செக்கில் அவன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. நீதிபதி முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வாய்ச்சவடால், அவ்வளவுதான். கிளாக்டனில் நடந்தது முதலில் ராக்கர்களோடு நடந்த போரே இல்லை, உள்ளூர்க்காரர்களுக்கும் லண்டன்காரர்களுக்குமான உரசல்தான் அதிகம் என்பதையும், கடற்கரைக்கு வந்தவர்களில் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் சிறுபான்மைதான் என்பதையும் கோஹன் காட்டினார். இரண்டு அணிகளாக அவர்களைப் பிரித்து நிறுத்தியதில் செய்தித்தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சின்னக் குற்றத்தை நாட்டுக்கே வந்த ஆபத்தாக ஊதி, ஒரு கூட்டத்தைப் பூதமாக்கி, பிறகு அந்தப் பூதத்தை அடக்கக் கடும் தண்டனை கேட்பது என்ற வழிமுறையை ‘மாரல் பேனிக்’ என்று அவர் 1972-ல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கினார். இன்று உலகம் முழுக்கச் சமூகவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் கருத்து அது. பிறந்த இடம் ஒரு குளிர்ந்த கடற்கரை.

1966-க்குள் கார்னபி தெரு சுற்றுலாத் தலமாகிவிட்டது, மாட் கூட்டமும் சிதறிவிட்டது. ஓவியக் கல்லூரிப் பக்கம் சாய்ந்தவர்கள் முடி வளர்த்து ஹிப்பிகளோடு கலந்தார்கள். வடக்கே மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் போன்ற கிளப்புகளில் அமெரிக்க சோல் தட்டுகளை விடாமல் ஆடியவர்களிடமிருந்து ‘நார்தர்ன் சோல்’ பிறந்தது. முரட்டுப் பக்கம் இருந்தவர்கள் தலையை இன்னும் ஒட்ட வெட்டி, பூட்ஸ் மாட்டி, 1969 வாக்கில் ஸ்கின்ஹெட் ஆனார்கள். அவர்களும் ஜமைக்கா இசைக்குத்தான் ஆடினார்கள், ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் 1970-ஐ ஒட்டித் தெற்காசியக் குடியேறிகளைத் தெருவில் அடித்து உதைத்தார்கள். கறுப்பின இசையை நேசித்த அதே வேரிலிருந்து இப்படி ஒரு கிளை வந்தது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். 1979-ல் தி ஜாம் குழுவின் பால் வெல்லரைப் பார்த்து ஒரு புதிய தலைமுறை மறுபடி பார்க்கா மாட்டியது. அதே வருடம் கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் இசைக் கம்பெனியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் நின்று, மாட் சூட் போட்டு, ஸ்கா வாசித்து, இனவெறியை நேருக்கு நேர் எதிர்த்தார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் இரண்டு நூல் ஓடுகிறது. ஒன்று நிஜமாகவே நூல். மெட்ராஸ் செக் என்று உலகம் சொல்லும் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி, நம் கைலியில் பார்க்கும் அதே குடும்பம். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் மோகமாக வாங்கிய துணி அது, துவைக்கத் துவைக்கச் சாயம் கசிவதையே பெருமையாக, ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என விளம்பரம் செய்து விற்றார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பாணியை விரும்பிய மாட் இளைஞர்கள் 1960-களின் நடுவில் அந்தத் துணியில் தைத்த சட்டையும் ஜாக்கெட்டும் தேடி வாங்கினார்கள்.

இன்னொன்று ஸ்கூட்டர். பம்பாயில் ஏபிஐ (ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) கம்பெனி லாம்ப்ரெட்டாவைச் செய்தது, பிற்பாடு லாம்பி என்ற பெயரில் ஊரெல்லாம் ஓடியது. இத்தாலியில் லாம்ப்ரெட்டாவைச் செய்துவந்த இன்னொசென்டி கம்பெனி உற்பத்தியை நிறுத்தியதும் 1972-ல் தொடங்கிய லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் அதன் இயந்திரங்களையும் பெயர் உரிமையையும் வாங்கிக்கொண்டது. அதனால் பிரிட்டனில் இன்றைக்கும் லாம்ப்ரெட்டா வைத்திருப்பவர்கள் பலர் தேடுவது இந்தியாவில் செய்த இயந்திரத்தையும் உதிரிப் பாகத்தையும்தான். இங்கிருந்து பழைய வண்டிகளைக் கப்பலில் எடுத்துப்போய்ப் பிரித்துச் சேர்த்து, குரோம் பூசி, கண்ணாடி மாட்டி ஓட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வெளிர்பச்சை லாம்பி இருந்தது. முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் மனைவி ஒருசாய்த்து உட்கார, நடுவில் அரிசிப் பையோடு கடைத்தெருவுக்குப் போய்வரும். பல வருடம் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த அதை அந்த வீட்டுக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார்.